அருக்காணி வைத்த மலர் வளையம்

டெல்லியில், துவாரகாவின் அகலச் சாலைகளில் விடிந்தும் விடியாத வேளையில் ஒரு குரல் கேட்கும்.

"பைர் ஊபர்! பைர் ஊபர் ரக்கோ, பெஹன்ஜி! காலை எதுக்கு அம்மிணி கீழ உடறே? ஸ்கூட்டிதான ஓட்டறே, ஏரா ஓட்டறே?"

அது அருக்காணியின் குரல். பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அவள் வாயில் இந்தியும் கொங்குத் தமிழும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்தும். பஞ்சாபி மாமிகளுக்கும் பிகாரிப் பெண்களுக்கும் அது எப்படியோ புரிந்துவிடுகிறது. கீழே விழுந்து அழுகிறவளை அவள் ஓடிப்போய்த் தூக்க மாட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். "எந்திரி. வண்டியையும் நீயே தூக்கு. எல்லாரும் இப்படித்தான் எந்திரிச்சோம்" என்பாள்.

அவள் எதிலிருந்து எழுந்தாள் என்பது அந்த மாணவிகளுக்குத் தெரியாது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இருபது வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை நாச்சிமுத்து, பீரங்கிப் படையில் லான்ஸ் நாயக். டெல்லி கன்டோன்மென்ட்டில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட குவார்ட்டர்ஸில் புதுக்குடித்தனம். அங்கே அவர்கள் வாழ்ந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அதற்குள் இந்தியில் காய்கறி பேரம் பேசவும், குளிர் நாளில் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதை கேட்கவும் அவன் அவளைப் பழக்கியிருந்தான். 1999ஆம் வருஷம் கோடையில் அவனுடைய படைப்பிரிவு கார்கிலுக்குப் புறப்பட்டது. "மாங்கா ஊறுகாய் காலியாகறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஊறுகாய் ஜாடியில் பாதி இருக்கும்போதே செய்தி வந்தது. திராஸ் பகுதியில், பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எதிரியின் குண்டு விழுந்து நாச்சிமுத்து போய்விட்டான். அருக்காணி அப்போது கர்ப்பிணி.

அதற்கு முந்தைய போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே மரியாதையோடு தகனம் செய்துவிடுவார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டியும் சட்டையும் மட்டும் ஊருக்கு வரும். கார்கில் போரில்தான் தேசியக்கொடி போர்த்திய சவப்பெட்டிகள் வரிசை வரிசையாக ஊர்களுக்கு வந்தன. பெட்டியின் மேல் போர்த்திய கொடியை மடித்து மனைவியின் கையில் கொடுக்கும் வழக்கத்தைக் கிராமத்துச் சனம் கண்ணால் பார்த்ததும் அப்போதுதான்.

நாச்சிமுத்துவின் பெட்டி டெல்லி வழியாகக் கோயம்புத்தூருக்குப் போனது. டெல்லி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் அருக்காணி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி எல்லோரும் இந்தியில் பேசினார்கள். காய்கறி பேரம் பேசக் கற்ற இந்தி அங்கே உதவவில்லை. எது அவர் பெட்டி, எப்போது ஏற்றுவார்கள், தானும் அதே விமானத்தில் போகலாமா, ஒன்றும் புரியவில்லை. அப்போது ஒரு குமாஸ்தா அவள் முன்னால் வந்து நின்று தமிழில் சொன்னார்: "அம்மா, அதோ அந்த மூணாவது பெட்டி. நான் பக்கத்துலயே இருக்கேன். யாரும் தூக்கிப் போட விடமாட்டேன். நீங்க உக்காருங்க."

அவர் பெயர் மாசிலாமணி. திண்டிவனத்துக்காரர். அன்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லை அவள் மறக்கவில்லை. யாரும் தூக்கிப் போட விடமாட்டேன்.

ஜூலை 26ஆம் தேதி வெற்றி என்று அறிவித்தார்கள். அந்த நாள் இன்றும் கார்கில் வெற்றி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஊரெல்லாம் பட்டாசு வெடித்த அன்று, அருக்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செப்டம்பரில் மகள் பிறந்தாள். சுபிக்ஷா. ஆறு வருஷம் கழித்து, குழந்தையை டெல்லியில் ராணுவப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவள் மாசிலாமணியை மறுபடி பார்த்தாள். அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தார். மெதுவாக, பயந்து பயந்து, அவர்தான் கேட்டார். இரு வீட்டிலிருந்தும் யாரும் வராத ஒரு கல்யாணம் நடந்தது.

இதெல்லாம் பழைய கதை. புதிய கதை ஒரு கல்லில் தொடங்குகிறது.

கார்கில் வெற்றியின் இருபத்தைந்தாம் ஆண்டு வந்தது. துவாரகாவில் குடியிருக்கும் தமிழ் முன்னாள் ராணுவத்தினர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்துப் பூங்காவில் ஒரு கருங்கல் தூண் நிறுத்தினார்கள். இந்தப் பகுதியில் வாழும் குடும்பங்களிலிருந்து போரில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. அதில் ஒன்று லான்ஸ் நாயக் நாச்சிமுத்து. விழா நாளில் ஒவ்வொரு பெயராக மைக்கில் படிப்பார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து மலர் வளையம் வைக்க வேண்டும். அதுதான் முறை.

ராணுவத்தில் கேப்டனாக ஓய்வுபெற்ற ஜகந்நாதன் சங்கத்தின் செயலாளர். அருக்காணியோடு அதுவரை ஃபோனில் மட்டுமே பேசியிருந்தவர், அழைப்பிதழையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அவள் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது மாசிலாமணி. கையெல்லாம் சப்பாத்தி மாவு.

"உக்காருங்க சார்" என்று நாற்காலியை முழங்கையால் நகர்த்தினார்.

ஜகந்நாதன் சமையலறைப் பக்கம் பார்த்தார். மாவைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது.

"ரொம்பப் பெருமையா இருக்கு சார். இந்தக் காலத்துல யாரு தங்கச்சியை வச்சுக் காப்பாத்தறா? அதுவும் விதவைத் தங்கச்சியை! உங்களை மாதிரி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

கணவனை இழந்த தமிழ்ப் பெண்ணின் வீட்டில் ஓர் ஆண் சப்பாத்திக்கு மாவு பிசைந்தால் அவன் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணிவிட்டார். மாசிலாமணி வாயைத் திறந்தார், மூடினார். இயல்பிலேயே அவருக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்.

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அருக்காணி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். நெற்றியில் வியர்வையில் கரையாத சிவப்புப் பொட்டு. குர்த்தாவுக்கு வெளியே தொங்கிய தாலிக்கொடி.

"வாங்க கேப்டன். ஏனுங்க, காப்பி குடுத்தீங்களா இல்லியா?" என்று கேட்டாள். அந்த 'ஏனுங்க' கேப்டனுக்கு அல்ல என்று கேப்டனுக்கே புரிந்தது.

"இவரு..." என்றார் ஜகந்நாதன்.

"எங்கூட்டுக்காரருங்க."

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டது. மாசிலாமணி அதைச் சாக்கிட்டு உள்ளே ஓடினார்.

ஜகந்நாதன் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடிக்கு இழுத்துக்கொண்டார். அதில் இருந்தது ஒரு வெள்ளைச் சேலை. போரில் இறந்த வீரனின் மனைவியை வீர நாரி என்று அழைப்பார்கள். சங்கம் நடத்தும் விழாக்களில் வீர நாரிகள் எல்லோரும் சங்கம் கொடுக்கும் வெள்ளைச் சேலையில்தான் முன்வரிசையில் உட்காருவார்கள். அப்படி ஒரு வழக்கத்தை அவரே ஏற்படுத்தியிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்தார். "மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டது உங்க சொந்த விஷயம். நான் அதைப் பத்திப் பேசலை. ஆனா பிரிகேடியர் வர்றார். நாலு பேர் போட்டோ எடுப்பாங்க. வீர நாரின்னு மைக்கில கூப்பிட்டா தாலியும் மெட்டியுமா ஒருத்தர் வந்து நின்னா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஒரே ஒரு நாள். இந்தச் சேலையைக் கட்டிக்குங்க. பொட்டு வேண்டாம். தாலியைக் கழட்டச் சொல்லலை, ரவிக்கைக்குள்ள விட்டுக்குங்க. போதும்."

"அப்புறம்?"

"சார் அன்னிக்கு வர வேண்டாம்."

அருக்காணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளுடைய மாணவிகள் அறிவார்கள். சிக்னலில் தப்பாகத் திரும்பியவளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"நான் வெள்ளைச் சேலை கட்டுனா நாச்சிமுத்து திரும்பி வந்துருவாருங்களா?"

"மரியாதைக்குச் சொல்றேன்மா. எங்க அக்கா முப்பது வருஷம் வெள்ளைதான் கட்டினா. அவ புருஷன் சீனாச் சண்டையில போனவர். ஒரு நாள் ஒரு பூ வச்சதில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுது."

"உங்க அக்காளுக்கு அது புடிச்சிருந்துச்சான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

ஜகந்நாதனின் முகம் வெளுத்தது. அவர் கெட்டவர் அல்ல. கேட்கவே தோன்றாத ஒரு கேள்வி முதல்முறையாகக் காதில் விழுந்த மனிதர்களுக்கு வரும் கோபம் அவருக்கு வந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அப்ப நீங்க வளையம் வைக்க முடியாது. கமிட்டி வேற ஏற்பாடு பண்ணும்."

அன்று சாயங்காலமே அந்த வேறு ஏற்பாடு என்ன என்று தெரிந்துவிட்டது. குர்காவ் வங்கியில் வேலை பார்க்கும் சுபிக்ஷா வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னாள்: "அம்மா, கேப்டன் அங்கிள் ஃபோன் பண்ணினார். மலர் ரீத் நான் வைக்கட்டுமாம். பிளட் ரிலேஷன், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்களாம். நான் ஓகே சொல்லிட்டேன்."

"நல்லதா போச்சு" என்றார் மாசிலாமணி, நிம்மதியோடு. "பொண்ணு வைக்கிறதும் நீ வைக்கிறதும் ஒண்ணுதானே அருக்காணி? எதுக்கு வம்பு?"

அருக்காணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணா? இவ அவரைப் பாத்ததே இல்லீங்க. அவரு சிரிச்சா எந்தப் பல்லு முன்னால தெரியும்னு இவளுக்குத் தெரியுமா? குளிச்சுப்போட்டு வந்து ஈரத்தலைய எம்பக்கம் உலுப்புவாரே, அது தெரியுமா?"

"அம்மா ப்ளீஸ், டிராமா பண்ணாதே. க்யா ஃபரக் பட்தா ஹை? யார் வச்சா என்ன?"

"நீ வெய்யி சாமி. உங்கப்பனுக்கு நீ வெக்கறது உன்ற உரிமை. உன்னைய நான் தடுக்கலே. நான் வெக்கறது என்ற உரிமை. அதைத் தூக்கி உன்ற கையில குடுக்கறதுக்கு கேப்டன் யாரு?"

சுபிக்ஷா பையைச் சோபாவில் வீசினாள். "இத்தனை வருஷம் எங்கேயும் போய்ச் சண்டை போடலையே. இப்ப மட்டும் ஏன்?"

"இந்தியா கேட் பக்கத்துல போர் நினைவிடம் கட்டினதுல இருந்து அங்கதான போய்ட்டு வர்றேன்? அங்க சுவத்துல அவரு பேரு தங்க எழுத்துல இருக்குது. நான் பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் போறேன். இவரும் கூட வர்றாரு. காவலுக்கு நிக்கிற சிப்பாயி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அத்தனை பெரிய எடத்துல கேக்காத கேள்விய, நம்ம பார்க்குல, நம்ம சனம் கேக்குது. தமிழ்ல கேக்குது. அதுதான் கண்ணு எரியுது."

மாசிலாமணி எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சரக்குப் பெட்டிகளை எண்ணிப் பழகிய அந்தக் கைகள் அவளுடைய கையைப் பற்றின.

"நான் சொல்றேன், கேளு. தாலியை உள்ள விட்டுக்க. நான் அன்னிக்கு வேலைக்குப் போயிடறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. உண்மையாத்தான் சொல்றேன்."

அவருடைய குரல் உண்மையாகத்தான் இருந்தது. அதுதான் அவளை உடைத்தது. கேப்டனின் சொல்லுக்கு அழாதவள் இதற்கு அழுதாள்.

"ஒரு மனுசன் பொட்டிக்குள்ள வந்தாரு. இன்னொரு மனுசன் அந்தப் பொட்டிய யாரும் தூக்கிப் போடாம காவல் நின்னாரு. காவல் நின்னவரை ஒளிச்சு வெச்சுப்போட்டு நான் அந்தக் கல்லு முன்னாடி கும்பிட்டா, நாச்சிமுத்து என்னையக் காறித் துப்ப மாட்டாரா? நீங்க வரோணும். என்ற பக்கத்துல நிக்கோணும். அவ்வளவுதான்."

சுபிக்ஷா அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சவப்பெட்டிக்குக் காவல் நின்ற கதையை அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

விழாவுக்கு முந்தின மாலை பூங்காவில் ஒத்திகை நடந்தது. அருக்காணியை யாரும் அழைக்கவில்லை. அழைக்காவிட்டால் என்ன, பூங்கா பொது இடம்தானே! அவள் போய் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்.சி.சி. மாணவிகள் மரத்துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை குனிந்து நிற்கப் பழகினார்கள். துக்கம் காக்கும் ராணுவ முறை அது. வேப்பமரத்தடியில் ஒருவர் பியூகிள் என்னும் ராணுவ ஊதுகுழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆல்பர்ட். ராணுவ பேண்டில் பியூகிள் ஊதி ஓய்வுபெற்ற ஹவில்தார், நாகர்கோவில்காரர். அவருடைய மனைவிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அருக்காணிதான்.

"வா தங்கச்சி. கேப்டனு ஒன்னயப் பத்தி மீட்டிங்குல பொரிஞ்சு தள்ளிட்டாவ" என்று சிரித்தார் ஆல்பர்ட். "இப்படி ஒரு பொம்பளய சர்வீசுல பாத்ததில்லன்னுட்டு."

"சர்வீசுல பொம்பளைங்களையே அவரு பாத்திருக்க மாட்டாருங்க."

ஆல்பர்ட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அவள் கேட்டதற்காக நாளைய நிகழ்ச்சியைச் சொன்னார். முதலில் மலர் வளையங்கள். அப்புறம் அவர் 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுவார். வெள்ளைக்காரன் காலத்தில், ராத்திரி கடைசிக் காவல் இடத்தையும் பார்த்து முடித்தாயிற்று என்று பாசறைக்குச் சொல்ல ஊதின மெட்டு அது. இப்போது இறந்தவனிடம் சொல்கிறோம்: உன் வேலை முடிந்தது, தூங்கு. பிறகு இரண்டு நிமிஷம் மௌனம். அப்புறம் 'ரௌஸ்'. அது காலையில் எழுப்புகிற மெட்டு.

"நடுவுல இருக்க மௌனம்தான் ராத்திரி, பாத்துக்கோ. அந்த நேரத்துல ஜெனரலானாலும் சரி, சிப்பாயானாலும் சரி, அட்டென்ஷன்ல நிக்கணும். அசையக் கூடாது. பேசக் கூடாது. மூக்குல ஈ உக்காந்தாலும் விரட்டக் கூடாது. நா ரௌஸ் ஊதுத வரைக்கும் அப்படித்தான்."

அருக்காணி தூணைப் பார்த்தாள். பெஞ்சிலிருந்து தூண் வரை உள்ள புல்வெளியைப் பார்த்தாள்.

"அந்த நேரத்துல ஒருத்தி நடந்து போனா?"

ஆல்பர்ட் துணியைக் கீழே வைத்தார். அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"தடுக்கணும்னா ஒருத்தன் அட்டென்ஷனை விட்டு அசையணும். மிலிட்டரிக்காரன் எவனும் அசைய மாட்டான். ஆனா அது தப்பு தங்கச்சி. மௌனம்ங்கது செத்தவனுக்குள்ள நேரம்."

"செத்தவரு என்ற புருசனுங்க."

ஆல்பர்ட் பியூகிளை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

ஜூலை 26 காலை. முந்தின இரவு பெய்த மழையில் புல் சொதசொதத்துக் கிடந்தது. பந்தலுக்குக் கீழே முன்வரிசையில் வெள்ளைச் சேலைகள். மேடையில் வடநாட்டுப் பிரிகேடியர். கோட்டில் பதக்கங்களும் தலையில் தொப்பியுமாகக் கேப்டன் ஜகந்நாதன் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் அடிக்கடி வாயிலுக்குப் போய்த் திரும்பியது.

அருக்காணி வாயில் வழியாகத்தான் வந்தாள். அரக்குப் பட்டுச் சேலை. நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு. தலையில் மல்லிகைச் சரம். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் மாசிலாமணி. அவர் கையில் சாமந்தி மலர் வளையம். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. இருவரும் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஜகந்நாதன் ஒரு தொண்டரைக் கண்ணால் அனுப்பினார். தொண்டர் வந்து, "மேடம், வளையத்தை இங்க குடுங்க. நாங்க வச்சிடறோம்" என்றார்.

"வேண்டாம் தம்பி. கை வலிச்சா சொல்றேன்."

பெயர்கள் படிக்கப்பட்டன. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். "லான்ஸ் நாயக் நாச்சிமுத்து. மலர் வளையம் வைப்பவர், அவருடைய மகள் சுபிக்ஷா." சுபிக்ஷா நடந்து போனாள். தான் ஒருபோதும் பார்த்திராத தகப்பனின் பெயருக்கு முன்னால் குனிந்து வளையத்தை வைத்தாள். திரும்பி வருகையில் நேராகக் கடைசி வரிசைக்கு வந்து அம்மாவின் காதில் சொன்னாள்: "அம்மா, போ. நீயும் வை."

"ஷோக் சஸ்திர!" என்று கட்டளை ஒலித்தது. துப்பாக்கிகள் தலைகீழாயின. தொப்பி போட்டவர்கள் சல்யூட்டில் உறைந்தார்கள். ஆல்பர்ட் முன்னால் வந்து பியூகிளை உயர்த்தினார். லாஸ்ட் போஸ்ட் அந்த ஈரக் காற்றில் எழுந்து, நெஞ்சைப் பிழிந்து, மெல்ல அடங்கியது.

மௌனம்.

அருக்காணி மாசிலாமணியின் கையிலிருந்த வளையத்தை வாங்கினாள். நடந்தாள்.

நாற்காலிகளுக்கு நடுவே, ஈரப் புல்லின் மேல், நிமிர்ந்து நடந்தாள். ஒரு வாயும் திறக்கவில்லை. ஒரு காலும் நகரவில்லை. ஜகந்நாதன் சல்யூட்டில் விறைத்து நின்றார். அவருடைய கண்கள் மட்டும் அவளோடு நகர்ந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கு நுனியில் வியர்வைத் துளி ஒன்று தொங்கியது. அதைத் துடைக்கக்கூட அவரால் முடியவில்லை.

தூணின் படியருகே அவள் செருப்பைக் கழற்றினாள். பின்னால் யாரோ குனிவது தெரிந்தது. மாசிலாமணி! பேசத் தயங்கும், எதிலும் ஓரமாக நிற்கும் அந்த மனிதர், அத்தனை பேர் பார்க்க நடந்து வந்து, மனைவியின் செருப்புகளை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் அட்டென்ஷனில் நின்றார்.

அவள் வளையத்தை வைத்தாள். பெயரின் மேல் விரலை வைத்தாள். ந, ஒரு துணைக்கால், ச்... எழுத்து எழுத்தாகத் தடவினாள். கண்ணீர் கல்லில் விழுந்தது. அவளுக்கு அவசரம் இல்லை. இருபத்தைந்து வருஷமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது. மகள் வேலைக்குப் போனது, தான் வண்டி ஓட்டக் கற்றது, தன்னை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றையும் வாய் திறக்காமலே சொன்னாள்.

இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்தது. ஆல்பர்ட் பியூகிளை உதட்டில் வைத்தபடி நின்றார். ஊதவில்லை. ஜகந்நாதனின் கண்கள் அவரை எரித்தன. ஊதவில்லை. முன்வரிசையில் ஒரு வெள்ளைச் சேலை விம்மும் ஓசை கேட்டது. அருக்காணி கல்லிலிருந்து கையை எடுத்து, முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து நின்று கும்பிட்ட பிறகுதான் ரௌஸ் ஒலித்தது.

சல்யூட்கள் இறங்கின. ஜகந்நாதன் பாய்ந்து ஆல்பர்ட்டிடம் வந்தார்.

"என்னய்யா இது? ரெண்டு நிமிஷம்னா ரெண்டு நிமிஷம்! டிசிப்ளின் இல்லை?"

"உதடு காஞ்சு போச்சு சார். வயசாயிட்டுல்லா?" என்றார் ஆல்பர்ட், பச்சைப் பிள்ளை முகத்தோடு.

ஜகந்நாதன் அருக்காணியிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்திச் சீறினார். "மௌனத்தைக் கெடுத்துட்டீங்க. அடுத்த வருஷம் உங்க பொண்ணைக்கூடக் கூப்பிட மாட்டோம். தெரிஞ்சுக்குங்க."

"நான் ஒரு சத்தம் போட்டனுங்களா? மௌனமாத்தான போனேன்! இப்ப கத்தறது நீங்கதான்."

அதற்குள் பிரிகேடியர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நடந்த சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைத் தட்டிக் காட்டி இந்தியில் கேட்டார். "கேப்டன் சாஹப், கடைசியாக வளையம் வைத்த இந்த அம்மாவின் பெயரை அறிவிக்கவில்லையே? வளையம் வைத்தவர் பெயரைச் சொல்லாமல் விடுவது வழக்கமில்லை."

ஜகந்நாதன் மைக் அருகே போனார். போகாமல் முடியாது, கேட்டவர் பிரிகேடியர். மைக்கைப் பிடித்தார். "வீர நாரி திருமதி அருக்காணி..." என்றார். அங்கேயே நின்றுவிட்டார். அடுத்து எந்தப் பெயரைச் சொல்வது? நாச்சிமுத்து என்றால், செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரை எல்லோரும் பார்க்கிறார்கள். மாசிலாமணி என்றால், அவர் கட்டிக்காத்த வழக்கம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

அருக்காணி போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அவரும் கொடுத்துவிட்டார்.

"என்ற பேரு அருக்காணி. லான்ஸ் நாயக் நாச்சிமுத்து கி பத்னி ஹூம்" என்றாள். பிறகு இடது கையை நீட்டி மாசிலாமணியைக் காட்டினாள். "இன்கி பீ. இவருக்கும் பொண்டாட்டிதான். ரெண்டு பேரும் என்னைய மரியாதையா வெச்சிருந்தாங்க. அதனால ரெண்டு பேருக்கும் மரியாதையாத்தான் நான் வருவேன். அடுத்த வருசமும் வருவேன். கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாட்டியும் வருவேன். இதே பொட்டோட."

மைக்கை ஜகந்நாதன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாசிலாமணி கீழே வைத்த செருப்பில் காலை நுழைத்தாள்.